இ-300 பயமும் இரண்டு மாத்திரை டப்பாக்களும்

கேள்வி

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. ஏழு வயதில் ஒரு மகன். கணவருக்குப் போன வருடம் சிறுநீரகக் கல் எடுத்தார்கள். கல்லைச் சோதித்ததில் கால்சியம் ஆக்சலேட் என்று ரிப்போர்ட் வந்தது. கூடவே இருக்கும் மாமியாருக்குச் சர்க்கரை நோய். விரலைக் குத்தி வீட்டிலேயே மீட்டரில் பார்த்துக்கொள்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில், இ எண் (உணவுச் சேர்க்கைகளுக்குக் கொடுக்கும் எண்) போட்ட உணவுகள் புற்றுநோய் தரும் என்று ஒரு பட்டியல் வந்திருக்கிறது. அலமாரியைத் திறந்து பார்த்தால் பிரெட், பழச்சாறு, ஜாம் மூன்றிலும் 'இ-300'. மூன்றையும் அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டார்.

இவற்றையெல்லாம் நிறுத்தினால் சத்துக் குறைந்துவிடுமோ என்று அடுத்த கவலை. அதற்காகப் பையனுக்கு 500 மில்லிகிராம் வைட்டமின் சி சப்பும் மாத்திரை காலையில் ஒன்று, பள்ளி விட்டு வந்ததும் ஒன்று. கணவருக்குத் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் 1000 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று. மூன்று வாரமாகப் பையனுக்கு அடிக்கடி வயிறு வலிக்கிறது, தண்ணியாகப் போகிறது. "இத்தனை வருஷம் அந்த பிரெட்டைக் கொடுத்து நானே அவன் வயிற்றைக் கெடுத்துவிட்டேனோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை டாக்டர்" என்று எழுதியிருக்கிறார். இ-300 ஆபத்தா, கணவரின் கல்லுக்கு அது காரணமா, மாமியார் சாப்பிடலாமா, இனி எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது என்பவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். பையனுக்குக் கொடுக்கும் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். கணவரின் மாத்திரையையும் நிறுத்துங்கள். பிரெட்டை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

இப்போது அந்த மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். பொடி எழுத்தில் 'அஸ்கார்பிக் ஆசிட்' என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே 'சோடியம் அஸ்கார்பேட்' என்றும் இருக்கலாம். நீங்கள் தூக்கிப் போட்ட பிரெட் கவரில் இருந்த இ-300-ம் அதேதான். அஸ்கார்பிக் அமிலம்தான் வைட்டமின் சி; உணவுச் சேர்க்கைப் பட்டியலில் அதற்குக் கொடுத்திருக்கும் எண் 300. அதன் சோடியம் உப்புக்கு 301, கால்சியம் உப்புக்கு 302. எண்ணாகப் பார்த்தபோது பயந்து ஒதுக்கிய பொருளை, பெயராகப் பார்த்தபோது நம்பி வாங்கியிருக்கிறீர்கள். இதில் உங்கள் மேல் தப்பு எதுவும் இல்லை. ஒரே பொருளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பெயர் போட்டால் யாருக்குத்தான் தெரியும்? ஆனால் இரண்டிலும் அளவு எவ்வளவு என்று பார்த்தீர்களானால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

பிரெட்டையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க விதிப்படி ஒரு கிலோ மாவில் அதிகபட்சம் 200 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம் சேர்க்கலாம். பையன் சாப்பிடும் இரண்டு துண்டு பிரெட்டில் மாவு 50 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்ச அளவில் சேர்த்திருந்தாலும் 10 மில்லிகிராம்தான் வருகிறது. அதுவும் மாவாக இருக்கும்போது. பிசையும்போதும் அடுப்புச் சூட்டிலும் பெரும்பகுதி அழிந்துவிடும். பிரெட்டாகத் தட்டுக்கு வரும்போது சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சாது. மாத்திரையில் பையன் உள்ளே தள்ளுவது ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம். 4 முதல் 8 வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் தேவை 25 மில்லிகிராம். தாண்டக் கூடாத உச்சவரம்பு 650 மில்லிகிராம். இவை அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' அமைப்பு 2000-ல் வகுத்த அளவுகள், இன்றும் புழக்கத்தில் இருப்பவை.

பையனின் வயிறு

வைட்டமின் சி-யைக் குடல் ஓர் அளவுக்குத்தான் உறிஞ்சும். பெரியவர்களில் ஒரு நாளைக்கு 30 முதல் 180 மில்லிகிராம் வரை போனால் 70 முதல் 90 சதவீதம் ரத்தத்தில் சேர்ந்துவிடும். ஒரு கிராமைத் தாண்டினால் பாதிகூடச் சேராது. சேராத மிச்சம் குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுக்கும். வயிற்றை முறுக்கும், தண்ணியாகப் போகும். அதிக அளவு வைட்டமின் சி-யின் முதல் தொந்தரவே இதுதான். உச்சவரம்பை வகுத்தபோது முக்கியமாகப் பார்த்ததும் இதைத்தான்.

உங்கள் பையனுக்கும் இதுதான் என்று கடிதத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். மாத்திரையை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். வயிறு சரியானால், காரணம் பெரும்பாலும் அதுதான். அதற்குப் பிறகும் தொடர்ந்தாலோ, மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இவற்றில் எது இருந்தாலோ, நாள் கடத்தாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த மாத்திரை புளிப்பும் இனிப்பும் கலந்து மிட்டாய் மாதிரி இருக்கும். குழந்தைகள் வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு சப்புவார்கள். அமிலம் பல்லின் மேல் பூச்சிலேயே ஊறிக் கிடக்கும். தினமும் இப்படி நடந்தால் எனாமல் கரையும். அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது, கொஞ்ச நாள் இந்த மாத்திரை சாப்பிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். டப்பாவைப் பையன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து ஒரேயடியாக நாலைந்து எடுத்துத் தின்னும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சத்துக் குறையுமோ என்ற பயத்துக்கு வருவோம். பழமும் காய்கறியும் சாப்பிடும் குழந்தைக்கு 25 மில்லிகிராம் வெகு சுலபமாகக் கிடைத்துவிடும். நடுத்தர அளவு ஆரஞ்சுப் பழம் ஒன்றிலேயே 60, 70 மில்லிகிராம் இருக்கிறது. மாத்திரை தேவையே இல்லை.

கணவரின் கல்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இந்தப் பகுதி. இ-300 கல்லை உண்டாக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரெட்டிலும் ஜாமிலும் இருக்கும் அளவு உண்டாக்காது. ஆனால் தினம் 1000 மில்லிகிராம் மாத்திரை, அதுவும் ஏற்கெனவே கால்சியம் ஆக்சலேட் கல் வந்த ஆணுக்கு, வேண்டவே வேண்டாம்.

உடம்பில் வைட்டமின் சி சிதையும்போது அதில் ஒரு பகுதி, கல்லில் கால்சியத்தோடு சேர்ந்திருக்கும் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரில் இறங்குகிறது. உள்ளே போவது அதிகமானால் இறங்குவதும் அதிகமாகும். ஸ்வீடனில் சுமார் 23,000 ஆண்களை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013-ல் வெளியானது. வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு, சாப்பிடாதவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. அந்த நாட்டில் அப்போது விற்ற மாத்திரை பெரும்பாலும் 1000 மில்லிகிராம். பல சத்துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்த மல்டிவிட்டமின் சாப்பிட்டவர்களிடம் இந்த அதிகரிப்பு இல்லை. இது கவனித்துப் பார்த்த ஆய்வுதான், மாத்திரையே காரணம் என்று நிரூபித்த ஆய்வு அல்ல. ஆனாலும் ஒருமுறை கல் வந்தவருக்கு இந்த எச்சரிக்கை போதும், ஏனென்றால் மாத்திரையை நிறுத்துவதால் அவர் இழப்பது ஒன்றும் இல்லை.

அதற்காகப் பழங்களையும் நிறுத்திவிடாதீர்கள். கல் வந்த வீடுகளில் அடிக்கடி நடக்கும் இன்னொரு தப்பு, 'கால்சியம் கல்' என்ற பெயரைக் கேட்டதும் பாலையும் தயிரையும் நிறுத்துவது. உணவில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியே அனுப்பிவிடும். அதை நிறுத்தினால் ஆக்சலேட் கூடுதலாக ரத்தத்துக்குப் போகும். அவர் செய்ய வேண்டியது தண்ணீர் குடிப்பது. ஒரு நாளைக்குச் சிறுநீர் இரண்டரை லிட்டராவது போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்பதுதான் கல் வந்தவர்களுக்குச் சிறுநீரக மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

அடுத்து சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகும்போது, இவ்வளவு நாள் வைட்டமின் சி மாத்திரை எடுத்ததை அவர் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரில் வைட்டமின் சி அதிகமாக இருந்தால், பரிசோதனைப் பட்டை ரத்தம் இருப்பதையும் சர்க்கரை இருப்பதையும் காட்டாமல் விட்டுவிடலாம். கல் நோயாளிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மாமியாருக்கு உணவில் சேரும் இ-300-ஆல் எந்தச் சிக்கலும் இல்லை. வீட்டில் வாங்கி வைத்திருக்கும் மாத்திரையை அவரும் எடுத்துப் போட்டுக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி ரத்தத்தில் மிக அதிகமாக ஏறினால் சில மீட்டர்கள் சர்க்கரையை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். நுரைக்கும் மாத்திரைகளில் சோடியமும் கணிசமாக இருக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது வேறு தொல்லை.

உணவில் அது என்ன வேலை செய்கிறது

'அமிலம்' என்ற சொல்லே உங்களைப் பயமுறுத்தலாம். அஸ்கார்பிக் என்ற பெயருக்கே 'ஸ்கர்வியைத் தடுப்பது' என்றுதான் அர்த்தம். ஈறு வீங்கி ரத்தம் கசிந்து, பழைய காயங்கள்கூடத் திறந்து, கப்பல் கப்பலாக மாலுமிகளைக் கொன்ற நோய் ஸ்கர்வி. இந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்த ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜிக்கு 1937-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சேர்க்கையாக அதன் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? நிறுத்திய மாத்திரையில் பாதியைப் பொடித்து இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரையுங்கள். ஆப்பிள் ஒன்றை நறுக்கி ஒரு பாதியின் மேல் அந்தத் தண்ணீரைத் தடவி, மறு பாதியை அப்படியே விடுங்கள். அரை மணி நேரத்தில் தடவாத பாதி பழுப்பாகத் தொடங்கும். தடவியது வெள்ளையாகவே இருக்கும். வெட்டுப்பட்ட இடத்தில் காற்றும் பழத்தின் நொதியும் சேர்ந்துதான் அந்தப் பழுப்பு நிறம் உண்டாகிறது. வைட்டமின் சி தன்னையே கொடுத்து அதைத் திருப்பி விடுகிறது. தீர்ந்துபோன பிறகு அந்தப் பாதியும் பழுப்பாகும். பழச்சாற்றிலும் ஜாமிலும் நிறமும் ருசியும் கெடாமல் இருக்கச் சேர்ப்பது இதற்காகத்தான். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள், அவனுக்கும் பிடிக்கும்.

பிரெட் மாவில் வேலை வேறு. அங்கே அது மாவின் பசையை இறுக்குகிறது. மாவில் இயற்கையாக இருக்கும் குளூட்டாத்தயோன் என்ற பொருள் பசைப் புரதத்தின் பிணைப்புகளை அவிழ்க்கும். அஸ்கார்பிக் அமிலம் மாவில் மாற்றமடைந்து அந்தக் குளூட்டாத்தயோனை முடக்கிவிடும். மாவு காற்றைப் பிடித்து நன்றாக உப்பும். முன்பு இதே வேலைக்குப் பல நாடுகளில் பொட்டாசியம் புரோமேட் போட்டார்கள். விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அதைப் பல நாடுகள் தடை செய்தன. அதற்கு மாற்றாக வந்ததுதான் நீங்கள் பயந்த இ-300. பிரெட் கவரில் புரோமேட் என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்; அஸ்கார்பிக் என்று இருந்தால் வாங்கலாம்.

அந்த வாட்ஸ்அப் பட்டியல்

இ எண் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் பரிசோதித்து அனுமதித்த சேர்க்கைகளுக்குக் கொடுக்கும் வரிசை எண். உலக அளவில் அதே எண்ணை ஐ.என்.எஸ். என்று போடுவார்கள். எண் இருப்பதால் ஆபத்து என்றும் இல்லை, எல்லோருக்கும் எல்லா அளவிலும் நல்லது என்றும் இல்லை. 300-ஐப் பொறுத்தவரை, உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, தினசரி வரம்பு எதையும் எண்ணாகக் குறிக்கத் தேவையில்லை என்ற பிரிவில் அதை வைத்திருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் மறுபடி ஆராய்ந்து, உணவில் இப்போது சேர்க்கும் அளவில் பாதுகாப்புக் கவலை இல்லை என்றது.

இப்படிப்பட்ட பட்டியல்கள் வாட்ஸ்அப்புக்கு முன்பே உண்டு. 1976 வாக்கில் பிரான்சில் தட்டச்சு செய்த ஒரு துண்டுப் பிரசுரம் கையிலிருந்து கைக்குப் பரவியது. பாரிசுக்குப் பக்கத்தில் வில்ஜுயிஃப் என்ற ஊரில் உள்ள புற்றுநோய் மருத்துவமனை தயாரித்ததாக அதில் இருந்தது. தங்களுக்கு அதில் சம்பந்தமே இல்லை என்று மருத்துவமனை மறுத்தும் அது நிற்கவில்லை. பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும்கூட ஒட்டினார்கள். அதில் மிக ஆபத்தானது என்று குறித்திருந்தது இ-330, அதாவது எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம். உடலின் செல்லில் சிட்ரிக் அமிலம் பங்கெடுக்கும் சுழற்சிக்கு, அதைக் கண்டறிந்த ஹான்ஸ் கிரெப்ஸின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் 'கிரெப்ஸ்' என்றால் புற்றுநோய். அந்தக் குழப்பத்தில் பிறந்த வதந்தியாக இருக்கலாம் என்பார்கள். உங்கள் குழுவில் வந்த பட்டியலிலும் 330 இருக்கிறதா பாருங்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது

300-ஐத் தனியாகப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் அதன் கூட்டாளியைப் பாருங்கள். குளிர்பானத்தில் 300-ம், சோடியம் பென்சோயேட் என்ற பிரிசர்வேடிவான 211-ம் சேர்ந்து இருந்தால், வெயிலிலும் சூட்டிலும் இருக்கும்போது இரண்டும் சேர்ந்து மிகச் சிறிதளவு பென்சீன் உண்டாகலாம். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005 முதல் 2007 வரை ஏறத்தாழ 200 பான மாதிரிகளைச் சோதித்தது. பத்தில் மட்டுமே, அங்கே குடிநீருக்கு அனுமதித்த வரம்பான நூறு கோடியில் 5 பங்கைவிட அதிகம் இருந்தது. நிறுவனங்கள் தயாரிப்பை மாற்றிய பிறகு அவையும் குறைந்தன. ஆகவே பதற வேண்டியதில்லை. இரண்டு எண்ணும் சேர்ந்திருந்தால் வேறு பாட்டிலை எடுங்கள், எதுவானாலும் வெயிலில் நிற்கும் காரில் மணிக்கணக்காக வைக்காதீர்கள்.

பதப்படுத்திய இறைச்சியில், கெடாமலிருக்கச் சேர்க்கும் நைட்ரைட் என்ற உப்போடு சேர்த்து 300, 301, அல்லது அதன் நெருங்கிய உறவான 316 இருக்கும். நைட்ரைட்டிலிருந்து நைட்ரோசமீன் என்ற கெட்ட பொருள் உருவாவதை இவை குறைக்கின்றன. இவை இருப்பது நல்லதுதான். அதனால் அந்த இறைச்சி நல்லதாகிவிடாது. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. எப்போதாவது சாப்பிடும் பொருளாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

'வைட்டமின் சி சேர்க்கப்பட்டது' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தால், திருப்பிச் சத்து அட்டவணையில் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள், பக்கத்திலேயே சர்க்கரை எத்தனை கிராம் என்றும் பாருங்கள். அளவு போடாமல் சேர்மானப் பட்டியலில் மட்டும் 300 இருந்தால், அது பொருள் கெடாமலிருக்கச் சேர்த்தது. எவ்வளவு சேர்த்தார்கள் என்று கவரில் இருக்கும் நுகர்வோர் எண்ணுக்குக் கேட்டு எழுதலாம். கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

அளவு மீறிய வைட்டமின் சி-யைக் கட்டாயம் தவிர்க்க வேண்டியவர்கள் இன்னும் சிலர் உண்டு: உடம்பில் இரும்பு தேங்கும் பரம்பரை நோய் உள்ளவர்கள், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உள்ளவர்கள். இவர்களுக்கும் எச்சரிக்கை மாத்திரைக்கும் ஊசிக்கும்தான், பிரெட்டில் சேரும் துளிக்கு அல்ல.

பையனின் வயிறு அந்த இரண்டு மூன்று நாளில் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் போகும்போது மாத்திரை டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்தத் தேதியில் ஆரம்பித்தீர்கள், எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள், வயிறு எப்போது கெட ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதி அதற்குள் போட்டுவையுங்கள்.